மேல் நிலையத்தில் இரண்டு பெட்டி

வால்பராய்சோவில் எங்கள் குன்றுக்கு
ஏறவும் இறங்கவும் ஒரே கம்பிவடம்.
மஞ்சள் பெட்டி மேலே வந்தால்
பச்சைப் பெட்டி கீழே போயிருக்கும்.
நடுவழியில் ஒரு கணம் முகம் பார்த்துக்கொள்ளும்,
அவ்வளவுதான் அவற்றுக்குள் உறவு.
இதில்தான் தினமும் ஆய்வகத்துக்கு இறங்குகிறேன்.

என்ன வேலை என்று கேட்பவர்களிடம்
கண்ணாடி துடைக்கிறேன் என்பேன்.
பாதி உண்மை.
மீதி,
கருப்பை வாயில் தூரிகை வருடி எடுத்த உயிரணுக்களை
அந்தக் கண்ணாடியில் தேடிப் படிப்பது.

பழைய சாயம் மட்டும் இருந்த நாளில்
'சந்தேகம்' என்று எழுதி அனுப்புவோம்.
அந்த ஒற்றைச் சொல்லோடு
ஒரு பெண் ஆறு மாதம் படுத்து எழுவாள்.
அப்படிப்பட்ட அறிக்கையில் கையெழுத்திடும் முன்
டாக்டர் இபாக்காச்சே பேனாவை உதறுவார்,
மை வராதது போல.

இப்போது இரண்டு புரதங்களைத் தேடுகிறோம்.
பி-பதினாறு: 'போதும், நில்' என்று
உயிரணுவுக்குச் சொல்வது.
பழுப்பாய்ப் படியும், ஆறிய காப்பியின் விளிம்பு போல.
கே.ஐ. அறுபத்தேழு: 'பிரி, இரண்டாகு' என்ற அவசரத்தில்
உட்கருவுக்குள் மட்டும் எரிவது. சிவப்பு.
நல்ல உயிரணுவில்
ஒன்று ஏறியிருந்தால் மற்றது இறங்கியிருக்கும்.
இரண்டும் ஒன்றிலேயே தெரிந்தால்
மேல் நிலையத்தில் இரு பெட்டியும்
சேர்ந்து நிற்கின்றன என்று பொருள்.
எங்கோ வடம் அறுந்துவிட்டது.
அறுத்தது ஒரு வைரஸ்.
எப்போதோ வந்து, காய்ச்சல்கூடத் தராமல் தங்கியது.
'நில்' என்ற குரல் கத்திக்கொண்டே இருக்கிறது,
கேட்கக் காதில்லை.

செவ்வாய்க்கிழமை, மூன்றாவது தட்டு.
ஓ. கா., வயது நாற்பத்து நான்கு,
எங்கள் குன்றின் சுகாதார நிலையம்.
இரண்டு எழுத்துதான். போதுமாயிருந்தது.
ஓர்த்தென்சியா கார்காமோ,
மேல் நிலையத்துக்கு எதிரே ரொட்டிக்கடை.
மாவு படிந்த கையோடு போன வாரம் சொன்னாள்:
"மருத்துவச்சி ஏதோ தூரிகை போட்டாள், அப்பா, என்ன குளிர்!"

நீலம். நீலம். சளி இழை ஒன்று.
வெள்ளணுக்களின் சிறு கும்பல்.
தனியே ஒரு பழுப்பு, பரவாயில்லை.
தனியே ஒரு சிவப்பு, அதுவும் பரவாயில்லை.
ஸ்லைடை மயிரிழை நகர்த்தினேன்.
இடது மூலையில்
பழுப்புக்குள் சிவப்பு.

ஒன்று போதும், விதி அது.
தெரிந்தும்
பதினொன்று வரை எண்ணினேன்.

இபாக்காச்சே குனிந்து பார்த்தார்.
பேனாவை உதறவில்லை.
"இது புற்றுநோய் என்று அர்த்தமில்லை" என்றார்,
எனக்குத் தெரியாதது போல.
"அதற்கு முந்தின வாசலாக இருக்கலாம்.
கால்போஸ்கோப்பில் பார்க்கட்டும்.
எடுக்க வேண்டியது இருந்தால் எடுத்துவிடலாம்."
எனக்குத் தெரியும்.
யாராவது சொல்லிக் கேட்க வேண்டியிருந்தது.

மாலை, மஞ்சள் பெட்டி.
ரொட்டி வாங்காமல் வீட்டுக்குப் போக முடியாது,
வழக்கத்தை மாற்றினால் அதுவே ஓர் அறிக்கை.
"நாலுதானே?"
"நாலு."
சொல்லும் உரிமை என்னுடையதல்ல.
வியாழக்கிழமை மருத்துவச்சி கூப்பிடுவாள்.
அதுவரை இரண்டு நாள்
அவளுடைய ஒரு துளி என்னிடம் இருக்கிறது,
அவளிடம் சில்லறை எண்ணுகிறேன்.
"முகம் ஏன் இப்படி?"
"கண் வலி. நாள் முழுக்கக் குனிந்து பார்த்தேன்."
"எதை?"
"நிறத்தை."
அடி கருகிய ரொட்டி ஒன்றையும் பையில் திணித்தாள்,
விற்காது, நீயே தின்னு என்று.

படியேறும்போது திரும்பிப் பார்த்தேன்.
நிலையத்தில் ஒரு பெட்டிதான்.

மூன்று வாரம் கழித்து
கடைக்கதவில் ஓர் அட்டை தொங்கியது:
'மருத்துவமனைக்குப் போகிறேன். மதியம் திறப்பேன்.'
ஒரு மணிக்கெல்லாம்
அடுப்புப் புகை வந்துவிட்டது.
அன்றைக்கு ஆறு வாங்கினேன்.
ஏனென்று அவள் கேட்கவில்லை.